பழைய கொப்பிகள் என்று எழுதிய வாளி

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாத மழைக்குள் நடந்தது இது. திருகோணமலை லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு முதல் பிள்ளை கிடைக்கவிருந்த நேரம். அன்றைக்கு நான் மட்டும்தான் அழுதேன். மற்ற எல்லாரும் அன்றைக்கே சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வர ஒரு கிழமை எடுத்தது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நாடு நெருக்கடியில் கிடந்தபோது பால்மாவுக்கும் காஸுக்கும் விடிய எழும்பி வரிசையில் நின்ற அந்தக் காலம் என் மனதை விட்டு இன்னும் போகவில்லை. கடை நிறையச் சாமான் கிடந்தாலும், நாளைக்கு இருக்குமோ என்று யோசிக்கிற ஆள் நான். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க ஏலாது என்று, ஏழாம் மாதம் பிறந்ததும் எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் பட்டியல் போடத் தொடங்கினேன். சம்பா அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, தீப்பெட்டி, மெழுகுதிரி, நுளம்புத்திரி, சவர்க்காரம், இரண்டாவது காஸ் சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் நேரே சரி போட ஒரு நிரல். சரி போட்டது சரிதானா என்று பார்க்க இன்னொரு நிரல்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. ஒருநாள் வீட்டுக்குள் வந்தவர், மெழுகுதிரிப் பெட்டிகளைத் தாண்டிக் கதிரைக்குப் போக வழி தேடிவிட்டு, "இஞ்சரும், எங்கட ஸ்டோரில ஒரு கப்பலுக்கு ஏத்துற சாமானும் இவ்வளவு வராது" என்றார். நான் அடுத்த நாள் போய் மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் வாளிகள் நான்கு வாங்கி வந்தேன். எலி போகாது, ஈரம் போகாது, காற்றும் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

பிரச்சினை வந்தது பிள்ளையின் உடுப்பில். மூதூரிலிருந்து எனக்குத் துணையாக வந்து நின்ற, கணவரின் தாயான மாமிக்கு ஒரே பிடிவாதம். பிள்ளை பிறக்க முதல் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது, அது சரியில்லை. கிளினிக்கில் எங்கள் மருத்துவமாது மிஸ்ஸிக்கோ வேறு பிடிவாதம். முப்பத்தாறாம் கிழமைக்குள் பிள்ளையின் உடுப்பெல்லாம் தோய்த்து, காயவிட்டு, பையில் போட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பெயர் எடுத்தவள் நான். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்தேன். கிளினிக் போகிறேன் என்று சொல்லி நகரத்துக்குப் போய், சட்டைகளும் அணைதுணிகளும் வாங்கினேன். கூடப் படிப்பிக்கிற ஒரு டீச்சரின் வீட்டில் வெயில் நாளாகப் பார்த்துத் தோய்த்துக் காயவிட்டேன். ஒவ்வொன்றாக இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிப் பையில் அடுக்கி, நான்காவது வாளிக்குள் வைத்து மூடினேன். மாமி திறந்துவிடுவாவோ என்று பயம். மூடியில் ஒரு தாளை ஒட்டி, "பழைய கொப்பிகள்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒரு டீச்சரின் வீட்டில் அப்படி ஒரு வாளியை யார் திறக்கப் போகிறார்கள்?

மாமிக்கும் அதே யோசனை வந்தது.

அது எனக்குப் பிறகுதான் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், மீன் கிடையாது. ஆகவே மாமி முற்கூட்டியே நல்ல சுறாக் கருவாடாகப் பார்த்து வாங்கிப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தா. நானோ அந்த மாதங்களில் கருவாட்டு மணம் பட்டாலே ஓடிப்போய்ச் சத்தி எடுப்பேன். என் கண்ணிலும் மூக்கிலும் படாத ஓர் இடம் மாமிக்குத் தேவைப்பட்டது. வீடெல்லாம் தேடி, நான் ஒருநாளும் திறக்காத வாளி ஒன்றைக் கண்டுபிடித்தா. காற்றுப் போகாத மூடி. என் உடுப்புப் பையைக் கொப்பிக் கட்டென்று நினைத்து, அதற்கு மேலேயே பொட்டலத்தை வைத்து இறுக்கி மூடிவிட்டா. மூன்று கிழமை அது அப்படியே இருந்தது.

குறித்த நாளுக்குப் பதினைந்து நாள் முன்பு, மாமி இரண்டு நாளுக்கு மூதூருக்குப் போயிருந்த மத்தியானம், எனக்கு நோவு தொடங்கியது. வெளியே விடாத மழை. கணவருக்குக் கடும் தடிமன். மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. "கொப்பி வாளிக்குள்ள இருக்கிறதை எடுங்கோ" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. அவர் பண்டகசாலைக்காரர், வாளிக்குள் இருந்ததை ஒன்றும் விடாமல் எடுத்தார். பொட்டலத்தையும் பைக்குள் திணித்து, சிப்பை இழுத்து, ஓட்டோவில் ஏற்றினார்.

ஓட்டோக்காரத் தம்பி மழைக்குத் திரையை இறக்கிவிட்டார். இரண்டு நிமிடத்தில் உள்ளே இருக்க முடியவில்லை. காலையில் யாரோ மீன்கூடை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, நோவுக்குள்ளும் அவரை மனதால் திட்டிக்கொண்டு இருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, மழையையும் பாராமல் தன் பக்கத்துத் திரையை உயர்த்திவிட்டு, "அக்கா, சத்தி வந்தாச் சொல்லுங்கோ, ஓரமா நிப்பாட்டுறன்" என்றார். கணவர் மட்டும் நிம்மதியாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வார்டில் தாதி பிள்ளையின் உடுப்பைக் கேட்டா. பெருமையோடு பையை நீட்டினேன். சிப் திறந்தது. தாதி ஓரடி பின்னுக்குப் போனா. பிறகு மெல்லக் கையை விட்டு, கிழிந்த பேப்பருக்குள்ளிருந்து வாலும் செட்டையுமாக ஒரு சுறாவை வெளியே எடுத்தா. வார்டே எட்டிப் பார்த்தது.

"நான் இருபது வருசமா இந்த வேலையில நிக்கிறன். பிள்ளை பிறந்தாப் பிறகுதான் சுறா வாறது. முன்னுக்கே வந்தது இதுதான் முதல் தரம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு சட்டையும் கருவாட்டுச் சந்தையிலிருந்து வந்ததுபோல மணத்தது. இதைப் பிள்ளைக்குப் போட ஏலாது என்று தாதி சொல்லிவிட்டா. புதிது வாங்கலாம், ஆனால் தோய்க்காத துணியைப் பச்சைப் பிள்ளையில் போட விடமாட்டார்கள். தோய்த்தால் அந்த மழையில் இரண்டு நாளைக்குக் காயாது. பிள்ளையோ இன்னும் ஒருசில மணித்தியாலத்தில் வந்துவிடும். வீட்டில் ஆறு மாதத்துக்குச் சவர்க்காரம் இருக்கிறது, இருபது பெட்டி மெழுகுதிரி இருக்கிறது. என் பிள்ளையைச் சுற்றி எடுக்க ஒரு முழத் துணி இல்லை. பிறக்க முதலே நான் தாயாகத் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்கு ஓடினார்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது இளையவளாக இருப்பாள், மூன்றாவது பிள்ளைக்கு வந்திருந்தாள். தாதி என் விபரம் எழுதும்போது நான் டீச்சர் என்று கேட்டிருந்தாள். சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பையைத் திறந்து ஆறு துணிகளை எண்ணி, மூன்றை என் கட்டிலில் வைத்தாள். இரண்டு பழைய சாரத்துண்டுகள், பின்பக்கம் நாடா கட்டுகிற ஒரு சின்னச் சட்டை. வெளுத்து, நூல் தெரிகிற அளவுக்கு மெதுமையாகிப் போனவை.

"புள்ளைக்கி இதப் போடுங்க டீச்சர். என்ட ரெண்டு புள்ளைகளும் போட்டதுதான்."

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிலையிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. யாருடைய துணியோ, எந்தத் தண்ணீரில் தோய்த்ததோ. நன்றி சொல்ல வேண்டிய வாயால், "சுடுதண்ணியில அவிச்சதோ?" என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "ஓம் டீச்சர். அவிச்ச, வெயில்ல காயப் போட்ட, மடிச்சும் வெச்ச. கருவாடு மட்டும்தான் வெக்கல்ல" என்றாள். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொள்ளப் பார்த்தேன். அடுத்த நோவு வந்துவிட்டது.

அன்றைக்குப் பொழுதுபட என் மகள் பிறந்தாள். வெளுத்துப்போன நீலக் கட்டம் போட்ட சாரத்துண்டில் சுற்றித்தான் அவளை என் கையில் தந்தார்கள். சாரத்துண்டில் வெயில் மணம் இருந்தது.

அடுத்த நாள் மாமி வந்தா. பிள்ளையைப் பார்த்தா, துணியைப் பார்த்தா, முகம் மலர்ந்துவிட்டது. முதல் துணி பிள்ளைகள் போட்டுப் பழகின துணியாகத்தான் இருக்க வேண்டுமாம், படித்த பிள்ளையென்றாலும் முறை தெரிந்து வைத்திருக்கிறாளாம் என்று வார்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. அடுத்த கட்டிலில் அவள் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து புகழை ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு மாமி குரலைத் தாழ்த்தி, "அந்தக் கொப்பி வாளிக்குள்ள ஒரு பொட்டலம் வைச்சனான், கண்டனியோ?" என்று கேட்டா. கணவர் உடனே தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அதை அவர் முதல்நாளே ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்திருந்தார். சுறாவை உதிர்த்து வறுத்த வறை நன்றாக இருந்ததென்று தம்பி பிறகு சொல்லியனுப்பினாராம்.

எனக்குத் தையல் போட்டதால் இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் கிண்ணியாப் பெண்ணுக்கும் மகன் பிறந்து, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள். துணியைத் திருப்பித் தரத் தேவையில்லை, ஆருக்கும் அவசரமென்றால் கொடுக்கட்டாம் என்று தாதியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிற நான், அவளுடைய பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

போன மாதம், எங்கள் பாடசாலையில் பிள்ளைப்பேற்றுக்கு லீவு எடுக்கப்போகிற ஓர் இளம் டீச்சர் என் பட்டியல் கொப்பியைக் கேட்டாள். கொடுத்தேன். அதோடு அந்த மூன்று துணிகளையும் அவித்து, வெயிலில் காயவிட்டு, கொடுக்க முதல் ஒவ்வொன்றாக மணந்தும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். என் பயம் முழுதாகப் போய்விட்டதென்று சொன்னால் பொய். மெழுகுதிரி இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு அடுக்கினாலும் ஏதோ ஒன்று விடுபடும், அந்த ஒன்று அடுத்த கட்டிலில் இருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தியின் பைக்குள் இருக்கும் என்று நம்பி, இப்போதெல்லாம் நான் நித்திரைக்குப் போகிறேன்.