கிட்டாருக்குச் சுழி பார்த்த பெரியப்பா

எங்கள் பெரியப்பா கிட்டாருக்குச் சுழி பார்த்தார் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். கண்ணால் பார்த்தவள் நான். பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

கச்சிராயபாளையத்தை ஒட்டியது எங்கள் ஊர். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. சாலை மறியல் என்று சொன்ன மறுநாளே, உளுந்தூர்பேட்டை வரைக்கும் வழிநெடுக நின்ற புளியமரங்களில் பாதியைச் சாய்த்து ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் கோடரியோடு போகாத வாலிபப் பிள்ளை கிடையாது. சித்தப்பாவும் போனார். கேட்டது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காய்த்து நின்ற மரம் யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று அம்மாவிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்குப் பாட்டுக் கச்சேரி செய்ய மெட்ராசிலிருந்து வேனில் வந்திருந்த குழு, திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டது. கல்யாண வீட்டார் பந்தலைப் பிரித்ததும் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மலைப்பக்கமாகப் போங்களேன் என்று ஒரு புத்திசாலி வழி சொன்னான். வேனைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலை ஏற அவர்கள் என்ன ஆடா, மாடா? குழுவை நடத்தியவர் மட்டும் கச்சேரிப் பணத்தோடு யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு வரப்பு வழியாகப் போய்விட்டார். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். அந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

குழுவில் கிட்டார் வாசித்தவருக்கு மெட்ராசில் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வழி திறந்தாலும் வெறுங்கையோடு போய் என்ன செய்வது? அவரிடம் இரண்டு கிட்டாரும் இரண்டு ஆம்ப்ளிபயரும் இருந்தன. ஒரு ஜோடியை விற்றுவிடுகிறேன், வாங்குகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

கேட்க வேண்டியதுதான் தாமதம், சித்தப்பா பறந்தார். அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார், இரவல் கிட்டாரில். கிட்டாரின் சொந்தக்காரருக்கு ஒரு மச்சான். மச்சான் மேடை ஏற ஆசைப்பட்ட நாளெல்லாம் கிட்டார் அவன் கைக்குப் போய்விடும். சித்தப்பா தபலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சிரித்துவிட்டு வருவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். சொந்தக் கிட்டாரோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று மெட்ராசில் ஒரு பெரிய குழு அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. கரும்பு வெட்டிய பணத்தில் வாங்கித் தருவதாகப் பெரியப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆக, தேடிப் போக வேண்டிய பொருள் வாசலுக்கே வந்துவிட்டது.

அன்று சித்தப்பா பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று பழுப்பு நிறம், விளிம்பெல்லாம் தேய்ந்தது. மற்றது சிவப்பு, முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. பளபளப்பை அவர் திரும்பியே பார்க்கவில்லை. துப்பாக்கி குறி பார்ப்பவர் போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்துப் பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். கழுத்து உடம்போடு சேருமிடத்தில் நகத்தால் கீறி, இடுக்கு இருக்கிறதா என்று தேடினார். ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தந்தியை மீட்டினார். பழுப்பில் எந்த இடத்திலும் ஒலி சுத்தம். மீட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு நின்று பேசியது. சிவப்பில் நடுக்கட்டைகளில் தந்தி மோதி வண்டு மாதிரி இரைந்தது. முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்த்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிப் போயிற்று.

ஆம்ப்ளிபயர் பெட்டிகளிலும் அதே கதைதான். நல்லவேளை, கரண்ட்டை யாரும் மறிக்கவில்லை. சின்னது வால்வு பெட்டி, சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சூடான பிறகு அதிலிருந்து வந்த சத்தம் காதுக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது. பெரிய பெட்டியில் விளக்குகள்தான் அதிகம். யாரும் வாசிக்காதபோதே உர்ரென்று உறுமியது. ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே எது எதுவென்று விளங்கிவிட்டது. பழுப்புக்கும் வால்வு பெட்டிக்கும் கிட்டார்காரர் ஒரு விலை சொன்னார். சிவப்புக்கும் பெரிய பெட்டிக்கும் அதில் பாதி கேட்டார். நேர்மையான மனிதர். சித்தப்பா அந்தப் பழுப்புக் கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்தார்.

மாட்டுச் சந்தையில் பெரியப்பா பெரிய கை. மாட்டின் உடம்பில் எந்த முடிச்சுழி எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், எங்கே இருந்தால் ஆகாது என்று கேட்பதற்கு நைனார்பாளையத்திலிருந்துகூட ஆள் வரும். அந்தப் பெருமை மாட்டோடு நின்றிருக்கக் கூடாதா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பழுப்புக் கிட்டாரைச் சுற்றி வந்தார். முதுகைத் தடவினார். வயிற்றைத் தட்டினார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. பிறகு கழுத்துக்குக் கீழே, மரத்தின் ரேகை சுருண்டிருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இன்னா தம்பி இது, பாடைச் சுழி இருக்குதே. இத்த வூட்டுக்குள்ள வுட்டா ஆவாது.”

கிட்டார்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “அண்ணே, அது மரத்தோட ரேகைங்க.”

“மாட்டுக்கும் அது வெறும் முடிதான். அதுக்காவ பாக்காம வுட்டுர்றோமா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிட்டாரை எடுத்தே பெரியப்பா மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “சொல்லுங்க சித்தப்பா, அந்தச் செவப்பு ஒளறுதுன்னு சொல்லுங்க!” சித்தப்பா தரையைப் பார்த்தார். “பெரியவரு பாத்தா சரியாத்தாங்கீது, நீ சும்மா இரு” என்றார். அவ்வளவுதான். நேற்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்த மனிதர் இன்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

பிறகு பெரியப்பா சிவப்பை எடுத்தார். அதில் ராஜ சுழி இருந்ததாம். சாயத்துக்கு மேலே எந்தச் சுழியைக் கண்டாரோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். பெட்டிகளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, “எது கனம் ஜாஸ்தியோ அதான் ஒழைக்கும்” என்று பெரிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். சத்தம் எட்டுகிறதா என்று பார்க்க என்னைக் கரும்புக் கொல்லை வரைக்கும் விரட்டினார். எட்டியது, உறுமலும் சேர்ந்தே எட்டியது. கடைசியில் செய்தாரே ஒரு காரியம், அதுதான் உச்சம். பழுப்புக்குச் சொன்ன விலையைச் சிவப்புக்குக் கொடுத்தார்! ராஜ சுழிக்குக் குறைத்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். கிட்டார்காரர் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழுப்புக் கிட்டாரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உறையில் போட்டார். இப்படி ஓர் ஏமாளிக் குடும்பத்தைப் பார்த்ததில்லை என்று நினைத்திருப்பார் என எண்ணி எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

வழி திறந்ததும் வேன் போய்விட்டது. தை மாதம் சித்தப்பா சிவப்பைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் போனார். சுருதி நிற்காத கிட்டாரோடு வந்தவனை யார் சேர்ப்பார்கள்? போன சுருக்கில் திரும்பி வந்து கொல்லையில் இறங்கினார். பிறகு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட் கட்டுகிறவரானார். அந்த உறுமல் பெட்டி அதற்குத்தான் லாயக்கு.

பெரியவளான பிறகு எனக்குப் பாதி விளங்கியது. சந்தையில் வேண்டாத மாட்டை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், விற்க வந்தவன் மனம் நோகும். சுழி சரியில்லை என்பார்கள், அவனும் புரிந்துகொண்டு போய்விடுவான். உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து கண்கலங்கி நிற்பவனிடமும் அதைத்தான் சொல்வார்கள், விற்காமல் திருப்பி ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று. ஆக, பெரியப்பா இரக்கப்பட்டிருக்கிறார். எனக்குக் கோபம் இரட்டிப்பானது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதற்கு இவர் யார்? இரக்கம் இவருடையது, போனது சித்தப்பாவின் பிழைப்பு அல்லவா?

சித்தப்பா மகள் கல்யாணத்தில், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் இதைக் கேட்டேவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“சுழி பாக்கச் சொன்னதே ஒன் சித்தப்பன்தான். அன்னிக்கு விடியறதுக்கு முன்ன வந்து எழுப்புனான். ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு ஆள மடக்கினவனும் நானு, அந்தாளு கிட்டார வாங்கிக்கினு போறவனும் நானுன்னா, இதுக்குப் பேரு யாவாரமா வழிப்பறியான்னு கேட்டான். நான் இன்னாத்தச் சொல்றது?”

அந்த வருஷம் வேன் போன அன்று சாயங்காலம் சித்தப்பா சிவப்புக் கிட்டாரைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு வாயே இல்லையா என்று போய்ச் சண்டை பிடித்தேன். அவர் வலது உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடரி பிடித்த கொப்புளம் உடைந்து, இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. எரிகிறதாக்கும் என்று நினைத்து, அந்தக் கோபத்திலும் தேங்காய் எண்ணெய் எடுத்துவர உள்ளே ஓடினேன்.