வெள்ளிக்கிழமை அடைத்த வெடிப்பு

வெயிலில் காயும் ஈரச் சிமெண்டின் மணம்தான் எனக்குக் கோடை விடுமுறையின் மணம். எங்கள் ஊர் பூவத்தில் அறுவடை முடிந்து வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே சித்திரையில், தரைக்கு மேல் இரண்டடி எழுப்பி உள்ளே மணல் கொட்டிய வீட்டின் அடிப்பகுதியும், எங்கள் பேச்சில் "பேஸ்மட்டம்", வெடிக்கும். வெடிப்பில் எறும்பும் பூரானும் குடியேறும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா விடுமுறை விட்டதும் சாந்துச் சட்டியோடு உட்கார்ந்துவிடுவார்.

ஐப்பசி மழையில் வீட்டுக்கு அடியில் உள்ள களிமண் ஊறி உப்ப, பூசியதெல்லாம் பெயர்ந்து விழும். மறு கோடையில் ஒரு வெடிப்பு இருந்த இடத்தில் இரண்டு இருக்கும். இதற்காகவே நான் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதிவைத்தேன்: ஒன்று, அடிபம்புப் பக்கம், விரல் நுழையும்; இரண்டு, அடுப்படிக்கு வெளியே, பென்சில் நுழையும். முதல் ஆண்டு ஏழு, அடுத்த ஆண்டு பதினொன்று. அப்பாவிடம் காட்டியபோது கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "நீ எண்ண எண்ணத்தான் அது குட்டி போடுது. தண்ணி எடுத்துட்டு வா, போ."

அந்த ஆண்டு தங்கை தவழத் தொடங்கியிருந்தாள். ஏற்கெனவே ஒரு முறை எறும்பு கடித்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருந்தோம். இன்னொரு கடி படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா எறும்புப் பொடியும் வாங்கி வந்தார். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஓர் உயிரைக் கொல்ல அம்மா விடமாட்டார்.

"பொடிய நாளைக்குப் போட்டுக்கலாங்க. அடைக்கிறது கொல்றதா என்ன?"

அப்பாவும் தலையாட்டிவிட்டு, எறும்புகள் உள்ளே உயிரோடு இருக்க, பதினொரு வெடிப்பையும் வெளியிலிருந்து வழவழவென்று பூசினார். வெளியே வழி இல்லாவிட்டால் அது எங்கே வரும் என்று நான் கேட்டது இருவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை, கூடத்து நிலைப்படியின் அடியிலிருந்து செவ்வெறும்பு சாரை சாரையாக வீட்டுக்குள் வந்தது. பாயில் கிடந்த தங்கையை அம்மா வாரித் தூக்குவதற்குள் மூன்று கடி. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி. மத்தியானம் வரை அவள் மூச்சைக் கேட்டபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிழைத்தாள். நேற்றே பொடி போட்டிருக்க வேண்டும் என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை சாந்து குழைத்ததே தப்பு என்றார் அம்மா. இருவரும் கிழமையைத்தான் பேசினார்கள், ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் சிவில் படித்து, இப்போது கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு கட்டுமானத்தில் வேலை பார்க்கிறேன். என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது அவளை அம்மாவிடம்தான் விட வேண்டும். ஆகவே போன வாரம் ஆளோடு பூவத்து வீட்டுக்கு வந்து நானே நின்று வேலையை முடித்தேன்: முதலில் மருந்து, பிறகு உட்பக்கத்து ஓட்டைகள், கடைசியில் வெளிப்பக்கம்; அதற்குச் சிமெண்டு அல்ல, மண் உப்பினாலும் சுருங்கினாலும் கூடவே இழுபடும் ரப்பர் போன்ற பூச்சு. பழைய வெடிப்புகளைச் சரிபார்க்க நோட்டைத் தேடினேன். பரணில் அட்டை மட்டும் இருந்தது. உள்ளே இருந்த தாளையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. அப்பாவின் சாந்துச் சட்டியையும் காணோம்.

வேலை தொடங்கிய அன்று, செல்போனில் நான் எழுதியிருந்த வேலைப் பட்டியலை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் வரி: வியாழனுக்குள் முடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கூடாது.

"இது ஒண்ணுதாம்மா சரியா எழுதியிருக்க," என்றார்.