ஞானம் மாமியின் சைவப் பிரிட்ஜ்

கன்னத்தைச் சீமெந்துத் தரையில் ஒட்டிப் படுத்திருக்கிறார் ஞானாம்பிகை. பிரிட்ஜின் அடியில் எரியும் மண்ணெண்ணெய்ச் சுடரைப் பார்க்கிறார். நீலமாக நின்றால் குளிரும். மஞ்சளானால் புகையும். "ஆடாதையடி, நேரா நில்" என்று சுடரிடம் சொல்லிவிட்டு எழும்புகிறார். வலது கன்னத்தில் எப்போதும் வட்டமாய் ஒரு கரி.

போரினால் அளவெட்டியில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். எங்கள் ஒழுங்கைத் தெருவில் குளிர்கின்ற ஒரே பொருள் இந்தப் பிரிட்ஜ்தான். ஞானம் மாமிக்குத் தொழில் வெங்காயத் தோட்டம். ஆனாலும் ஊர் அவரைப் பிரிட்ஜ்காரி என்றே சொல்லும். காலை பதினொரு மணிக்கு ஒரு தரம் கதவைத் திறப்பார். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பொருள் எந்தத் தட்டில், எந்த மூலையில் என்று முன்கூட்டியே ஒப்புவிக்க வேண்டும். திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பார். "மூச்சுச் சூடு உள்ளை போகும்" என்பார்.

பிரிட்ஜ் சைவம். வெள்ளிக்கிழமைகளில் அதன் நெற்றிக்குத் திருநீறு பூசுவார். பிரிட்ஜுக்கு நெற்றி எது என்பது அவருக்குத் தெரியும்.

இதற்குள்தான் என் குப்பி இருந்தது. இன்ரபெரோன் என்ற மனிதப் புரதம். மனித மரபணுவைப் பற்றீரியாவுக்குள் புகுத்தி வெளிநாட்டில் செய்தது. நகத்தளவு வெள்ளைத் தூள். ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியது. என் கைக்கு வந்துசேர எட்டு மாதம் எடுத்தது. சூடேறினால் என் ஆராய்ச்சி அதோடு முடியும், இன்னொன்று வராது. எங்கள் ஆய்வுகூடப் பிரிட்ஜில் இப்போது காகிதக் கோவைகள் அடுக்கியிருக்கிறோம்.

அம்மா இறந்து ஒன்பதாம் நாள், மாமி வேலியில் ஆள் நுழையும் இடைவெளியான பொட்டடிக்கு வந்து கூப்பிட்டார். மாமி என்று அழைத்தாலும் அவர் உறவில்லை, அயல். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. நான் அவர் வீட்டுக்குள் போகமுடியாது. எங்களைத் தொட்டவர் தலைமுழுக வேண்டும்.

"பிள்ளை, உன்ரை குப்பியிலை மனிசன் எண்டு எழுதியிருக்காம். மாஸ்ரர் வாசிச்சவர்."

பின்னால் பொன்னம்பலம் மாஸ்ரர் நின்றார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். தன் இன்சுலினை எடுக்க வந்தவர், என் குப்பியையும் வாங்கி வாசித்து, வரிசை முழுவதற்கும் மொழிபெயர்த்திருக்கிறார்.

"ஓம் மாமி. மனிசப் புரதம்."

"இருபது வருசமா ஒரு மீன்செதில் உள்ளை போனதில்லை. நீ முழு மனிசனையே வைச்சிட்டாய். வந்து எடு."

"துடக்கோடை எப்பிடி வாறது? நீங்கள் எடுத்துத் தாங்கோவன்."

"நான் இனித் தொடமாட்டன்."

ஆக, அவர் தொடமாட்டார், நான் நுழையக்கூடாது. தந்தாலும் வைக்க இடமில்லை. வெளியே முப்பத்துநான்கு பாகை வெயில்.

பொட்டுக்கு இந்தப் பக்கம் நின்று விளக்கினேன். மனிதரை யாரும் வெட்டவில்லை. சமையல் குறிப்பு மட்டும் மனிதருடையது, சமைத்தது கிருமி.

"கிருமி என்ன தின்னுறது?"

எந்தப் பேராசிரியரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "பாலிலை எடுத்த சத்து. உப்பு. பாணுக்குப் போடுற ஈஸ்ற்."

"முட்டை?"

"இல்லை."

"எண்டாலும் மனிசன் மனிசன்தானே" என்றார் மாஸ்ரர்.

அவருடைய இன்சுலின் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. தன் குப்பியை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மாஸ்ரர் உயிரோடு இருக்க வேண்டும்.

மாமி அவர் பக்கம் திரும்பினார். "பால் குடிச்சு, உப்புத் தின்னு வளந்திருக்கு. உங்களைவிடச் சைவம். ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் மகள் வீட்டை ஏன் ஓடுறனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே?"

மாஸ்ரர் வேலியில் ஏறிய எறும்புகளை ஆராயத் தொடங்கினார்.

"இருக்கட்டும்" என்றார் மாமி என்னிடம். "மேல்தட்டிலை வேண்டாம், அது அபிசேகப் பாலுக்கு. ஐஸுக்குக் கிட்ட வைக்கிறன்."

ஒன்பது நாளாக நான் குப்பியைப் பார்க்கவில்லை. "உள்ளை நான் வைச்ச வெப்பமானி எவ்வளவு காட்டுது, மாமி?"

"அந்தக் கண்ணாடிக் குச்சியை ஆர் வாசிக்கிறது? நில்."

உள்ளே போனார். கதவு திறந்தது. வெகுநேரம் மூடவில்லை. திரும்பி வந்து, பொட்டுக்குள்ளால் வலது கையை நீட்டி, பிரிட்ஜுக்குள் வைத்துக் குளிர்ந்த உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தார்.

"நீயே பார். இந்தக் குளிர் காணுமோ?"

நான்கு பாகை இருக்கும். ஐந்துக்கு மேல் இல்லை.

"காணும் மாமி."

கை சூடாகும்வரை அவர் அதை எடுக்கவில்லை. பிறகு கொண்டையை அவிழ்த்தபடி கிணற்றடிக்குப் போனார்.