ஆயில் லைட்டின் ஒயர்

வண்டியில் ஏதாவது லைட் எரிந்தால், "சென்சார் போயிருச்சுண்ணே" என்று இன்றைய மெக்கானிக்குகள் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒண்டியாக வேலை பார்த்தேன். வீடும் அதுதான். வாடகைக் கார் ஓட்டும் காசிம் பாய் தினமும் மூன்று மணிக்கு இரண்டு டீயோடு வருவார். அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். அந்த ஊரில் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றைய கார்களில் சென்சார் என்று பார்த்தால் இரண்டோ மூன்றோ. ஆயில் பிரஷர் சுவிட்ச் அதில் ஒன்று. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும்.

"மாப்ள, வண்டிய நிப்பாட்டி ஐடிலிங்ல விட்டா லைட்டு எரியுது. என்னான்னு பாரு. நாளைக்கு வாடிப்பட்டிக்குக் கல்யாண சவாரி இருக்கு" என்றார் ஒருநாள்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். நிறைய இருந்தது.

"ஆயில் அம்புட்டும் இருக்கு மாமா. சுவிட்சுதான் பொய் சொல்லுது" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டேன். லைட் அணைந்தது. அப்போது எங்கள் தொழிலில் பலரும் செய்ததுதான். குச்சி ஆயிலின் அளவைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. அது தெரியாதவன் இல்லை நான். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது அரைமணி நேர வேலை. சோம்பல், வேறென்ன!

மறுநாள் லாரியில் கட்டி வண்டியை இழுத்து வந்தார். வாடிப்பட்டி போய்ச் சேரவில்லை. ஆயில் பம்ப் தேய்ந்து, பேரிங் கருகி, இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பெண் வீட்டார் பட்டுப்புடவையோடு நடுரோட்டில் நின்று பஸ் ஏறியிருக்கிறார்கள். கொட்டகையில் நாலைந்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் என்னை நம்பி வண்டி விடுகிறவர்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நேரத்துக்கு ஆயில் மாத்திருக்கணும் பாய். அதுக்கு நான் என்ன செய்ய?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் பானெட்டுக்குள் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பிடித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மற்றவர்கள் கண்ணில் படுமுன் அதை மறுபடி சுவிட்சில் செருகிவிட்டார்.

"போறேன் மெக்கானிக்" என்றார். எப்போதும் போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்வார்.

அதன்பின் வரவில்லை. வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு, சோழவந்தானுக்கு மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மணி நேர பஸ் பயணம்தான். பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு முறை போயிருக்கிறேன். எந்த முகத்தோடு ஏறுவது என்று திரும்பிவிட்டேன்.

லைட் எரிந்தால் முதலில் இன்ஜினைச் சந்தேகப்படுங்கள், பிறகு சென்சாரை. தப்பு உங்களுடையது என்றால் அங்கேயே, ஆட்கள் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் தொழில் பார்த்தேன். கேஜ் மாட்டாமல் ஒரு ஒயரைத் தொட்டதில்லை. வாசலில் வந்து நின்றவர்கள் எல்லாரும் அண்ணே என்றார்கள். மூன்று மணி டீயை மட்டும் நானே போய்க் குடித்துவிட்டு வந்தேன்.