கிணற்று நோட்டுக்கு ஒரு கார்டு

நூற்பட்டியல் தயாரிக்கும் வேலையில் தேறவேண்டுமானால், ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துப் படிக்காமலே கீழே வைக்கப் பழகவேண்டும். படிக்க உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு கார்டுகூட முடியாது. தூசியும் தும்மலுமாகக் காலம் தள்ளுகிற சக துன்பவாசிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பி.எஸ்ஸி. முடித்து, நூலகச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு திருநின்றவூர் வீட்டில் சும்மா இருந்த எனக்கு எழுபதுகளின் நடுவில் இந்த வேலை கிடைத்தது. செங்கல்பட்டு ஜில்லாவின் வடக்குத் தாலுக்காக்களில் மருத்துவம், மழை, மண், தண்ணீர் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும், அச்சோ கையெழுத்தோ, நேரில் பார்த்துக் கார்டு எழுதவேண்டும். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்களை மேற்பார்த்த பேராசிரியரை ஐயா என்போம். அவருடைய விதி இதுதான்: பெயர், ஆண்டு, நீள அகலம், பக்கம்; கையெழுத்துப் படியானால் முதல் வரியும் கடைசி வரியும். அதற்கு மேல் ஒரு எழுத்து கூடாது.

காலராவுக்குக் கைமருந்து

கடம்பத்தூரில் ஒரு வைத்தியர் காலராவுக்கு மருந்து சொல்லிச் சிறு புத்தகம் போட்டிருந்தார். மிஞ்சிய ஒரே பிரதி, அவருடைய பேரன் வீட்டில் ஆடுகிற கட்டிலுக்கு அண்டைகொடுத்துக்கொண்டிருந்தது. பேரன் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நான் புத்தகத்தை உருவி அளந்தேன். கட்டில் கால் பதிந்த பள்ளத்தில் இரண்டு மருந்துகளின் பெயர் நசுங்கிப் போயிருந்தது.

ஆசிரியர் இறந்த ஆண்டையும் கார்டில் போடுவது வழக்கம். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“புக்கு அச்சாகி வந்த அதே வருசந்தான். அதே பேதிதான். சீக்கிரம் எய்தும்மா, கை வலிக்குது.”

மழைப் பதிவேடு

பழைய மழைப் பதிவேட்டைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை குமாஸ்தா மனமிரங்கிப் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார். கூரை ஒழுகி, அலமாரிக்குள் எல்லாப் பதிவேடுகளும் ஒரே கட்டியாக ஊறியிருந்தன. விரலால் தொட்டேன், களி போல் பிய்ந்து வந்தது. கார்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன்.

“அத்தினி வருசத்து மழையையும் நாங்கதாம்மா எழுதினோம். போன வருசத்து மழை மட்டும் தானே உள்ள வந்து எழுதிக்கினு போயிடுச்சு.”

கம்பவுண்டர் நோட்டு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கொட்டகைகளைத் தாண்டிப் போனால் ஒரு காலனி. பரம்பரையாகக் கழனி வேலை செய்தவர்கள், இப்போது ஷிப்டுக்குப் போகிறவர்கள். அங்கே எஸ்தர் அம்மாவின் வீட்டில், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து இறந்துபோன அவர் கணவர் எழுதிய நோட்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

கறுப்பு ரெக்சின் அட்டை. இன்னமும் டிஞ்சர் வாசனை. மாதம் ஒரு ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும், அந்த மனிதர் காலனியின் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் கண்ணாடிக் குழாயில் பிடித்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாராம். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாகக் கலங்கும். தெளிவா, லேசா, பாலா என்று எழுதிவைப்பார். பல வருடங்கள் விடாமல் செய்திருக்கிறார். இதையெல்லாம் சொன்னது எஸ்தர் அம்மாதான். நான் நோட்டின் நீள அகலத்தை அளந்தேன், பக்கங்களை எண்ணினேன், முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதிக்கொண்டேன்.

“அல்லாம் உங்க புக்குல வந்துடும் இல்ல கண்ணு?” என்றார். எங்கள் புத்தகத்தில் வருவது நான்கு வரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். கருப்பட்டிக் காப்பி வேறு போட்டுக் கொடுத்திருந்தார். ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. தலையை ஆட்டிவைத்தேன்.

“அப்பாடா. அவரு கையெய்த்து இங்க ஒழுவுற ஊட்டுல கீறத வுட மெட்ராசுல பத்திரமா கீட்டும்.”

மோசஸ் வந்தது

அடுத்த வருடம், மழைக்காலம் முடிந்த சமயம், எஸ்தர் அம்மாவின் மகன் மோசஸ் எங்கள் அலுவலகத்தைத் தேடி வந்தார். லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். காலனிக்குப் பின்னால் ஒரு கம்பெனி இரும்பை ஆசிட்டில் கழுவி, கழிவைக் குழியில் விடுகிறதாம். கிணறுகள் உப்புக் கரித்துக் கெட்டுவிட்டன. அவருடைய சின்ன மகளுக்கு நிற்காத பேதி. சர்க்காரிடம் மனு கொடுத்ததற்கு, அந்தப் பக்கத்துத் தண்ணீர் எப்போதும் உப்புதானே, முன்பு நன்றாயிருந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். எழுத்தில் காட்டினால் குழியை மூடச் சொல்லுவார். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

“அந்த நோட்டு?” என்றேன்.

“மழையில வெறகெல்லாம் ஈரம் மேடம். கொயந்தைக்குத் தண்ணிய காய்ச்சிக் குடுங்கன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. அம்மா தெனம் ரெண்டு தாளக் கியிச்சு அடுப்பு பத்த வெச்சுது. அதான் மெட்ராசுல அல்லாம் எய்திக்கினாங்களேன்னுச்சு.”

நான் பெட்டியிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். பின்பக்கம் திருப்பினார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“மீதி எங்க மேடம்?”

வியாழக்கிழமை

ஐயாவிடம் சொல்லாமல் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மோசஸின் மகள், இடுப்பில் உட்காரக்கூடத் தெம்பில்லாமல், எஸ்தர் அம்மாவின் தோளில் கிடந்தாள். நான் அதுவரை நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். இப்படி ஒரு நோட்டு இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், பல வருடத்துச் சோதனை அதில் இருந்தது என்றேன்.

“பாத்தீங்க சரி. இந்தக் கிணத்துக்கு என்ன போட்டிருந்துது?” என்றார் அதிகாரி. ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்க. அவர் கார்டை வாங்கிச் சத்தமாகவே வாசித்தார். நீளம், அகலம், பக்கம். முதல் வரி: ‘கர்த்தர் துணை.’ கடைசி வரி: ‘வெள்ளி நைட்ரேட் தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும்.’ யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கார்டைத் துடைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘தண்ணீர் முன்பிருந்தே உப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்ப எனக்குக் கால் வரவில்லை. எஸ்தர் அம்மா திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“அழுவாத கண்ணு. நீ இன்னா பண்ணுவ, அளவெடுக்க வந்த பொண்ணுதான நீ.”

நூற்பட்டியல் அச்சாகி வந்துவிட்டது; ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பாராட்டிக் கடிதங்கள் வருகின்றன, கம்பவுண்டர் நோட்டின் அகலம் அரை அங்குலம்கூடத் தப்பவில்லை.