சாமை மிதித்த ஸ்போர்ட்ஸ் கார்

மலையை விட்டு இறங்கி கச்சிராயபாளையத்தை நெருங்கும்போதுதான் என் போனுக்கு சிக்னல் வந்தது. வந்த உடனே, பட்டறையில் இருக்கும் என் மச்சான் பீட்டர் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டேன். "மாமா, கோயம்புத்தூர்க்காரரு சீக்கிரமே வந்துட்டாரு. பழைய எஞ்சினை அவரு வண்டியில ஏத்திக்கினு இருக்கோம். நீங்க மெதுவா வாங்க."

காரை ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அது போயிட்டா அவ்ளோதான். வேற கெடைக்காது," என்றார். நான் பீட்டரைத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு போன் சத்தம் எங்கே கேட்கப் போகிறது?

எச்.பி., அதாவது எஞ்சினின் குதிரைத்திறன், கூடினால் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் சந்தோஷமும் கூடுமா என்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பட்டறைச் சட்டம்

என் பெயர் அந்தோணி. சென்னைப் பக்கம் ரேஸ் கார் டீம்களில் சஸ்பென்ஷன் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து பட்டறை போட்டவன். டிராக்டரும் டூரிஸ்ட் வேனும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எப்போதாவது சேலத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வரும். அது வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாட்டு நினைப்பே இருக்காது. அப்படி ஒரு ஆசை.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வண்டிக்கு எஞ்சின் மாற்றினால், அந்த வண்டி கல்வராயன் மலை ஏறி இறங்கி வரும்வரை கழற்றிய பழைய எஞ்சின் வாசலைத் தாண்டக் கூடாது. ஸ்டியரிங்கில் ஓனர் இருக்க வேண்டும், பக்கத்தில் நான் இருப்பேன். கீழே இருக்கும்வரை எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான். கொண்டை ஊசி வளைவில்தான் அதன் குணம் வெளியே வரும். இந்தச் சட்டத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. சிரித்துவிட்டுப் போகட்டும்.

கால்நடை டாக்டரின் கார்

டாக்டர் ஜெசிந்தா திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர். மலைமேல் கால்நடை டாக்டர். வேலைக்கு அவர் தினமும் மலை ஏறியது ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரில். இரண்டே சீட், மடக்கி வைக்கிற கூரை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு புதுச்சேரிக் குடும்பம் கூடவே கொண்டுவந்த வண்டி அது. பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டி பெல்ட் போட்டுக்கொண்டு வரும். அந்தக் காரிலிருந்து இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற டாக்டரை இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது.

எஞ்சின் நூற்றுப் பத்து எச்.பி.தான். இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் காரே அந்த அளவு தருகிறது. ஆனால் சர்வீஸ் முடிந்து டிரையலுக்குப் போகும்போதெல்லாம் அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்பார். எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். வளைவு வந்ததும் பிரேக், ஸ்டியரிங்கில் ஒரே திருப்பு, மறுபடி முழு மிதி. ஸ்பீடோமீட்டர் முள் ஐம்பதைத் தாண்டியிருக்காது. அந்த ஐம்பதில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பை, ரேஸ் டிராக்கில் இருநூறில் போனவர்களிடம் நான் பார்த்ததில்லை. வாய் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி இருக்கும். எத்தனையோ ரேஸ் டிரைவர்களுக்கு வேலை செய்தவன் சொல்கிறேன், அவருடையது சுத்தமான கை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பட்டறைக்குக் கோபமாக வந்தார்.

"அண்ணே, நாலு வழிச் சாலையில டூரிஸ்ட் வேன் கூட என்னை ஓரங்கட்டிட்டுப் போவுது. பின்சீட்டுல இருந்து பசங்க டாட்டா காட்டறாங்க. ஸ்போர்ட்ஸ் கார்னு வெச்சிக்கினு எனக்கு இன்னா மரியாதை?"

"அந்த வேனு என் கையில சர்வீஸ் ஆனதா இருக்கும் டாக்டரம்மா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெளையாட்டு வேணாம். எனக்கு எச்.பி. ஜாஸ்தி வேணும்."

அதே கம்பெனியின் டர்போ எஞ்சின் ஒன்று, இருநூற்று நாற்பது எச்.பி., கோயம்புத்தூரில் ரேஸ் கார் கட்டுகிற செந்தில் என்பவரிடம் இருந்தது. அவருக்கோ டாக்டரின் சின்ன எஞ்சின்மேல் ரொம்ப நாளாகக் கண். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. என் சட்டத்தையும் செந்திலிடம் சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன். சின்ன எஞ்சின் அவர் கைக்குப் போனால் உடனே பிரித்து ரேஸுக்காகச் சிலிண்டரைக் குடைந்துவிடுவார். அதன் பிறகு அது ரோட்டுக்கு ஆகாது.

ஆர்.டி.ஓ. அனுமதி வந்தது. டர்போவை உள்ளே இறக்கினோம். பழையது ஓரமாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செந்தில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

டிரையல்

ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினோம். முதலில் நாலு வழிச் சாலையில் சின்னசேலம் வரை. டர்போவைக் குறை சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என்ன ஒரு எஞ்சின் அது! அரை மிதிக்கே என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் போன வண்டியெல்லாம் எங்களைப் பார்த்து வருவதுபோல் வந்து பின்னால் போனது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு டூரிஸ்ட் வேனைத் தாண்டும்போது இடது கையை உயர்த்தி டாட்டா காட்டினார். நானும் காட்டினேன்.

அங்கிருந்து கச்சிராயபாளையம் ரோட்டைப் பிடித்து, டீ குடிக்க நின்றபோது பீட்டருக்கு போன் போட்டேன். "மச்சான், வண்டி பறக்குதுடா. ஒரு கொறையும் இல்ல," என்றேன். அவன் அதை டிரையல் முடிந்த செய்தியாக எடுத்துக்கொள்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் மலை. சிக்னல் கிடையாது.

மலையில் எல்லாம் மாறிப்போனது. டாக்டர் லேசாக மிதித்தாலே அடுத்த வளைவு மூக்குக்கு நேரே வந்து நின்றது. உடனே பிரேக். டர்போ காற்றைப் பிடித்து இழுக்க ஒரு நொடி யோசித்தது, யோசித்து முடித்ததும் மொத்தமாக வாரிக் கொடுத்தது. ஒரு வளைவில் பின்பக்கம் வெளியே நழுவியது. சட்டென்று ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அவர் வண்டியை உள்ளே கொண்டுவந்த விதத்துக்கு டிராக்கில் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பாட்டு நின்றுபோயிருந்தது.

"இன்னும் ஒரு தடவை கூட முழுசா மிதிக்கலை அண்ணே," என்றார்.

நான் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரையலில் ஓனர் முடிவு சொல்லும்முன் நான் வாயைத் திறப்பதில்லை. அதுவும் சட்டம்தான்.

சின்னப்பொண்ணுவின் சாமை

சாமை அறுப்பு முடிந்த சமயம் அது. கதிரோடு அறுத்த தாளைத் தார் ரோட்டில் விரித்து, போகிற வருகிற வண்டிகள் மிதித்து மணி உதிர விடுவது மலையில் வழக்கம். பஸ் ஏறினால் தாள் சிதறிப் போகும், பைக் ஏறினால் உதிராது. டாக்டரின் சின்ன கார் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. சின்னப்பொண்ணு என்கிற விவசாயியும் அவர் வீட்டுக்காரர் சடையனும் அந்தக் காருக்காகவே காத்திருப்பார்கள். கார் தாழ்வு என்பதால் தாளை மெல்லிசாகத்தான் விரிப்பார்கள். டாக்டர் முதல் கியரில் முன்னும் பின்னும் ஊர்ந்து மிதித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்ததாக நான் கேள்விப்பட்ட வேலைகளில் இதைவிட உயர்ந்த வேலை கிடையாது.

அன்றைக்கும் சின்னப்பொண்ணு கை காட்டினார். டாக்டரும் வழக்கம்போல் தாள்மேல் வண்டியை ஏற்றினார். புது எஞ்சினோடு வந்தது ரேஸ் கிளட்ச். பிடித்தால் ஒரே பிடி, விட்டால் ஒரே விடுதல், நடுவில் ஊர்ந்து போகிற பேச்சே இல்லை. வண்டி துள்ளியது, பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. சாமை தாளும் மணியுமாக எகிறிப் பாதி பள்ளத்தில் போய் விழுந்தது. மீதி சின்னப்பொண்ணுவின் தலையில் இருந்தது.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். வண்டியைச் சுற்றி வந்து கவலையோடு கேட்டார். "இன்னா டாக்டரம்மா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?"

"புது எஞ்சின் போட்டிருக்கேன்மா. முன்னைக்கு ரெண்டு மடங்கு சக்தி."

"சக்தி இருந்து இன்னா பண்றது? தாளு மேல ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே. பழசை இன்னா பண்ணீங்க?"

டாக்டர் வண்டியை விட்டு இறங்கினார். பள்ளத்தில் மண்டியிட்டு, மண்ணோடு கிடந்த சாமையை அள்ளி முறத்தில் போட ஆரம்பித்தார். நானும் சடையனும் சேர்ந்துகொண்டோம்.

"நாலு வழிச் சாலையில நல்லாத்தான் இருந்துச்சு, இல்லியா அண்ணே?" என்றார் குனிந்தபடியே.

"பிரமாதமா இருந்துச்சு."

"ஆனா நான் தெனம் வர்றது இங்கதானே?"

"ஆமாங்க."

"பழசுல கம்மி சக்தி. ஆனா அது அத்தனையும் என் காலுக்கு அடியில இருந்துச்சு. இது என்கிட்ட இருக்குதே தவிர எனக்குக் கெடைக்கலை." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "கோயம்புத்தூர்க்காரரு எத்தனை மணிக்கு வர்றாரு?"

"சாயங்காலம். நேரம் இருக்குது," என்றேன். இல்லை என்பது கச்சிராயபாளையம் வந்தபோதுதான் தெரிந்தது.

முழு மிதி

பீட்டர் போனை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார். முன்னால் ரோடு நேராகவும் காலியாகவும் கிடந்தது. "பெல்ட்டு போட்டிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டேன். சின்ன எஞ்சினைக் காப்பாற்ற அந்தப் பெரிய எஞ்சின் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் அதன்மேல் மரியாதை வருகிறது. அந்தப் புண்ணியவான் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தான்.

பட்டறை வாசலில் செந்திலின் வண்டி வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மன்னிச்சிக்கோங்க சார். அந்த எஞ்சின் எனக்கு வேணும். உங்களுது நல்ல எஞ்சின். அதை ஓட்டற ரோடு என்கிட்ட இல்ல."

செந்தில் தன் வண்டியில் கட்டியிருந்த எஞ்சினையும் டாக்டரின் முழங்காலில் ஒட்டியிருந்த சாமையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நியாயமாகக் கோபப்பட்டிருக்கலாம். "என்னங்ணா, இருநூத்தி நாப்பதைத் திருப்பிக் குடுத்துட்டு நூத்திப் பத்தைக் கேக்கறாங்க?" என்றார் என்னிடம்.

"மலை ஏறி எறங்கி வர்ற வரைக்கும் அது பட்டறை எஞ்சின்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேங்க."

"சொன்னீங்க. நான்தான் சும்மா சொல்றீங்கன்னு நெனச்சனுங்." ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவரே ஏறி கயிற்றை அவிழ்த்தார். அன்றிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மதிப்பு. பீட்டர் மட்டும் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணில் படாமல் டிராக்டருக்குப் பின்னால் நின்றான்.

அந்த வாரமே பழைய எஞ்சினைத் திரும்ப ஏற்றி, சட்டப்படி மறுபடி டிரையல் போனோம். எத்தனை எச்.பி. என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது, தினமும் எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், அங்கே எவ்வளவு மிதிக்க முடியும் என்பதைத்தான். மிதிக்க முடிந்த எச்.பி. மட்டும்தான் நாம் கொடுக்கிற காசுக்கு ஈடு. இதை எனக்கு டிராக் சொல்லித்தரவில்லை.

அந்த டிரையலில் முதல் வளைவிலேயே எஞ்சின் கத்த ஆரம்பித்தது. டாக்டர் முணுமுணுக்க ஆரம்பித்தார். மேலே திரும்பியபோது ரோட்டில் சாமைத் தாள் ஏற்கெனவே விரித்துக் கிடந்தது, மெல்லிசாக.

"நாங்க வர்றது எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"கீழ் வளைவுலயே சத்தம் கேட்டுச்சு," என்றார் சின்னப்பொண்ணு. "அதான் மிச்சமிருந்த கடைசித் தாளுக்கட்டை விரிச்சேன்."

டாக்டர் முதல் கியருக்கு மாற்றி, வண்டியைத் தாள்மேல் மெதுவாக ஏற்றினார்.