ஷட்ஜத்தில் கட்டிய ராக்கெட்

மட்டாஞ்சேரியில் டென்னிஸ் ஆடுகிறவனுக்கு முதல் எதிரி மிளகு. எங்கள் செம்மண் கோர்ட் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. சாக்கு மாற்றுகிற நாளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால், சர்வீஸ் போடக் கை தூக்குகிறவன் தும்முவான். தும்மினால் மறுபடி போடலாம் என்பது எங்கள் ஊர் விதி. தோற்கிற நிலையில் இருப்பவர்களுக்குத் தும்மல் அதிகம் வரும் என்பதையும் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம்.

இரண்டாவது எதிரி ஈரம். மழை பிடித்துவிட்டால் ராக்கெட் நரம்பு தண்ணீரைக் குடித்து வீங்கும், பிரி விடும், பிறகு ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று அறும். துரைமார் கப்பலேறிப் போய், அவர்கள் ஆடிய கோர்ட் கம்பெனிக் குமாஸ்தாக்களான எங்கள் கைக்கு வந்த காலம் அது. வலை, உருளை, நாற்காலி எல்லாம் விட்டுப் போனார்கள். நரம்பு கட்டத் தெரிந்த ஆளை மட்டும் விட்டுப் போகவில்லை. மதராஸுக்கு அனுப்பினால் ராக்கெட் திரும்பி வருவதற்குள் ஆட்டமே மறந்துவிடும். எனவே என் ராக்கெட்டை நானே கட்டிக்கொள்ளத் தொடங்கினேன்.

எனக்கு அவசரமும் இருந்தது. பூஜை விடுமுறையில் எங்கள் ஆபீசுக்கும் பக்கத்துத் தேயிலை ஆபீசுக்கும் போட்டி நடக்கும். முந்தைய வருஷம் அந்த ஆபீஸ் கணக்கர் என்னைத் துவைத்து எடுத்துவிட்டு, அதை ஒரு வருஷமாகச் சாயாக்கடை தோறும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மலையாளி, ஆறடி ஆள், நல்ல மனுஷர், வாய் மட்டும் ஓயாது. இந்த வருஷம் அவரை ஜெயித்தே ஆக வேண்டும். எனக்கு வேறு லட்சியம் எதுவும் அப்போது கிடையாது.

முதலில் நைலான் பார்த்தேன். நைலான் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. தோப்பும்படியில் வலைக்கயிறு விற்கிற கடையில் போய், கனமான இழை வேண்டும் என்றேன்.

"ஏது மீனினா, சாரே?" என்று, எந்த மீனுக்கு என்று தெரிந்துகொள்ளக் கேட்டார் கடைக்காரர்.

டென்னிஸுக்கு என்றேன். அவர், அது ஆழக்கடலில் கிடைப்பதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். பழைய ராக்கெட் ஒன்றில் கட்டிப் பார்த்தால், எவ்வளவு இழுத்தாலும் இழுபடுகிறது, மறுநாள் தொய்ந்து கிடக்கிறது. பந்து அதில் விழுந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் கிளம்பிப் போயிற்று. நல்ல ராக்கெட்டுக்குக் குடல் நரம்புதான் என்று முடிவு செய்து, எர்ணாகுளத்துக் கடையில் சொல்லிவைத்து ஒரு சுருள் வரவழைத்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் மனைவி வீணை வாசிக்கிறவள். எங்கள் வீட்டில் பூண்டுகூடப் பின்வாசல் வழியாகத்தான் வரும். அவள் சுருளை மோந்து பார்த்தாள்.

"ஏன்னா, இது என்ன நரம்பு?"

"ஆட்டுக்குடல்."

இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். "ஆத்துக்குள்ளே ஆட்டுக்குடலா? வெளில கொண்டு போய் வையுங்கோ."

வெளியே என்றால் நடைவாசல், செருப்பு விடுகிற இடம். மழைச் சாரல் மூன்று பக்கமும் அடிக்கும். அங்கே வைத்தால் ஒரே வாரத்தில் நரம்பு கூழாகிவிடும். வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: சமையலறைச் சுவரை ஒட்டிய பூஜை அறை அலமாரி. அங்கே இடம் கிடைக்காவிட்டால் என் ராக்கெட்டும் இல்லை, என் கணக்கரும் இல்லை.

எனக்கு வாதாட வரும். எங்கள் கூடத்தில் அவள் அண்ணாவின் மிருதங்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வந்து, தங்கை வீணைக்கு வாசித்துவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

"அது என்ன தோல்? மாட்டுத்தோல்தானே? அது பூஜை அறை வரைக்கும் போறது."

"அது வாத்தியமாக்கும். அதுல நாதம் வரும்."

"இதுலேயும் வரும். தட்டிப் பாரு. இதுவும் வாத்தியந்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஸ்ருதி சேந்தா உள்ளே இருக்கட்டும். சேரலைன்னா வெளில." இவ்வளவு சுலபமாக அவளை ஜெயித்தது அதுவே முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

நரம்பு கட்டுவதற்கு என்னிடம் இருந்த கருவிகள் ஒரு குத்தூசி, ஒரு மரக்கட்டை, என் இரண்டு கால்கள். சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, நரம்பைக் கட்டையில் சுற்றி இழுத்து, அந்த இழுப்பு நழுவாமல் ஓட்டையில் குத்தூசியைச் செருக வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அளவு கிடையாது. முகம் சிவந்தால் போதும் என்பது என் கணக்கு. மனைவி அதை ஒப்பவில்லை. வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இழுங்கோ. ஷட்ஜம் வரலை."

இழுத்தேன்.

"ஆ, மதி மதி, போறும். அடுத்தது."

நடு நரம்புகள் நீளம், ஓரத்து நரம்புகள் குட்டை. ஒரே இழுப்பில் கட்டினால் குட்டை நரம்பு கூடுதல் ஸ்வரத்தில் கத்தும். அவள் காதில் அது அபஸ்வரம். ஓரத்தை எல்லாம் தளர்த்தச் சொன்னாள், நடுவை முறுக்கச் சொன்னாள், கடைசியில் நெடுக்கு நரம்பு அத்தனையும் ஒரே ஷட்ஜத்தில் நின்றன. ஓரம் இப்படித் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தம் ஸ்ருதி பற்றியது, ஓரம் பற்றியது அல்ல. குறுக்கு நரம்புகளைப் பஞ்சமத்தில் வைக்கப் பார்த்தாள். பின்னப் பின்ன நெடுக்கின் குரல் செத்துப்போயிற்று. அதனால் மொத்தமாக ராக்கெட்டின் முகத்தில் விரல் முட்டியால் தட்டித் தட்டி, குறுக்கைக் கூட்டியும் குறைத்தும், ஒரு சுத்தமான ஓசை வரும்வரை என்னை விடவில்லை. வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எந்தக் காரியத்துக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அடித்துப் பார்த்தேன். நட்டநடுவில் பட்டால் பந்து பீரங்கிக் குண்டு. ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் பொத். பரவாயில்லை, நடுவில் அடிக்கப் பழகிக்கொள்ளலாம் என்று எடுத்துப் போய் அலமாரியில் வைத்தேன்.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், பூஜை அறையில் புத்தகங்கள், வீணை, மிருதங்கம், நடுவில் என் ராக்கெட். சந்தனம், குங்குமம், கழுத்தில் செம்பருத்தி.

"நாளைக்குப் போட்டி" என்றேன்.

"நாளைக்கு நவமி. பூஜைல வெச்ச வாத்தியத்தைத் தசமி காலம்பற வரைக்கும் தொடப்படாது."

"இது வாத்தியமா!"

"நீங்கதானே சொன்னேள்?"

இரவல் கேட்க எவனிடமும் உபரி ராக்கெட்டும் கிடையாது. மறுநாள் வலைக்கயிறு கட்டிய பழசைத் தூக்கிக்கொண்டு போனேன். கணக்கர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமீ, இது ராக்கெட்டோ வலையோ?"

நான் அன்று தும்மாத தும்மல் இல்லை. மிளகுக் கிடங்கு பூட்டியிருந்தது, விடுமுறை. அதையும் அவர் சுட்டிக்காட்டினார். இரண்டு செட்டும் போயிற்று. அடுத்த ஒரு வருஷத்துக்கும் சாயாக்கடைகளுக்கு விஷயம் கிடைத்தது. திரும்பி வரும்போது எனக்கு அழுகையே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தசமி காலையில் அவளே பூஜையை முடித்து, ராக்கெட்டைக் கையில் கொடுத்தாள். வாங்கினேன். சட்டம் கோணியிருந்தது. எண்ணெயில் போட்ட அப்பளத்துக்கு ஒரு பக்கம் மேலே போகுமே, அந்தக் கோணல். மர ராக்கெட்டை ஆடாத நேரத்தில் நான்கு திருகு வைத்த கட்டை அச்சுக்குள் இறுக்கித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணும். பூஜைக்கு வைக்கும்போது அதை அவள் கழற்றியிருந்தாள்.

"ஏன் கழட்டினே?"

"சரஸ்வதிக்கு முன்னாடி விலங்கு போட்டா வைக்கறது?"

நடுவில் முறுக்கு, ஓரத்தில் தொளதொளப்பு, ஐப்பசி ஈரம், திருகும் இல்லை. மரம் வேறு என்ன செய்யும்? எனக்கு வந்த கோபத்தில் அதை அங்கேயே முறித்திருப்பேன். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த ராக்கெட் அவள் ஸ்ருதி கூட்டிய வாத்தியம். கோணல் என்னைவிட அவளுக்குத்தான் வலித்தது. மெதுவாக வாங்கி முட்டியால் தட்டினாள், காதருகே வைத்துக் கேட்டாள்.

"கொஞ்சம் எறங்கியிருக்கு. ஆனா நாதம் போகலை."

ஒப்பந்தப்படி அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அலமாரியில், வீணைக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைகளில் மைத்துனர் அதைத் தட்டி வேடிக்கை காட்டுவார்.

மாதா மாதம் கொஞ்சம் மிச்சம் பிடித்து அடுத்த மழைக்குள் புது ராக்கெட் வாங்கினேன். கடைக்காரர் குடலா நைலானா என்று கேட்டார். ராக்கெட்டுக்கென்றே செய்த நைலான் வந்திருந்தது. அடிப்பதில் குடலுக்கு ஈடில்லைதான், ஆனால் ஈரத்தை அது சட்டை செய்யாது. வீட்டில் யாரும் இல்லாதபோது, முகம் சிவக்கச் சிவக்க, ஓரமும் நடுவும் ஒரே இழுப்பாகக் கட்டினேன். காது கொடுத்தே கேட்கவில்லை.

அந்த வருஷம் அஷ்டமி சாயங்காலம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "ஏன்னா, உங்க புது வாத்தியம் எங்கே?"

"அது வாத்தியமெல்லாம் இல்லை" என்றேன். "சும்மா பந்தடிக்கிற கட்டை."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு, ராக்கெட்டை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போய் நடைவாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் சாத்தினாள். மறுநாள் போட்டிக்குப் போகும்போது அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போனேன்.